பேரரசியின் சீர்வரிசை: ஹினா பொம்மைகளின் வீட்டுச் சாமான்களைத் தேடி

பிப்ரவரி 26, தோக்கியோ

மார்ச் 3 ஆம் தேதி ஜப்பானில் ஹினமத்சுரி, அதாவது பெண் குழந்தைகளின் நலம் வேண்டி வீட்டில் பொம்மை அடுக்கும் திருநாள். பேரரசரும் பேரரசியும் உச்சிப் படியில் அமர்ந்திருக்க, அவர்களுக்குக் கீழே மூன்று பணிப்பெண்கள், ஐந்து இசைக்கலைஞர்கள், இரண்டு அமைச்சர்கள், மூன்று ஏவலர்கள் என்று அரசவையே இறங்கி வருகிறது. இந்தப் பொம்மைகளைப் பற்றி எழுதாத பயணி இல்லை. நான் பார்க்க வந்திருப்பது அவற்றுக்கும் கீழே, ஆறாம் ஏழாம் படிகளில் இருக்கும் ஹினாதோகுவை: பொம்மைகளின் பெட்டி படுக்கை, பாத்திரம் பண்டம், பல்லக்கு, வண்டி ஆகியவற்றை.

நவராத்திரிக் கொலு பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிவப்புக் கம்பளி விரித்த ஏழு படிகள் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் கொலுவில் தசாவதாரமும் செட்டியார் கடையும் கிரிக்கெட் மைதானமும் ஒன்றாகக் குடியிருக்கலாம்; இங்கே படிகள் முழுவதும் ஒரே ஒரு கல்யாணம்தான். ஆறாம் படியில் வீட்டுக்குள் புழங்குபவை இருக்கின்றன: இழுப்பறைப் பெட்டி, துணி வைக்கும் நீளப் பெட்டி, கண்ணாடித் தாங்கி, தையல் பெட்டி, கணப்புச் சட்டி, தேநீர்ச் சடங்குக்கான சாமான்கள். ஏழாம் படியில் வாசலைத் தாண்டிப் போகும்போது தேவைப்படுபவை: அடுக்கு உணவுப் பெட்டி, பல்லக்கு, எருது இழுக்கும் கூண்டு வண்டி. மணப்பெண் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவரும் சீர்வரிசை முழுவதையும் இந்த இரண்டு படிகளிலேயே எண்ணிவிடலாம்.

இன்று சென்ற இடம் அசகுசபாஷி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் பொம்மைக் கடைகள் தொடங்கிவிடுகின்றன. 1711 இல் தொடங்கிய யோஷிதோக்குவும் 1835 இல் தொடங்கிய கியூகெத்சுவும் அருகருகே இருக்கின்றன. அடுக்கக வாழ்க்கை வந்த பிறகு ஏழு படி வாங்குபவர்கள் குறைந்துபோய், அரசன் அரசி இருவர் மட்டும் அமரும் ஒற்றைப் படி அமைப்புகளே கடையின் முன்வரிசையைப் பிடித்திருக்கின்றன. அவற்றில் முதலில் காணாமல் போவது சாமான்கள்தான். மிஞ்சியிருக்கும் சிலவும் பெரும்பாலும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். ஒரு கடையில் அனுமதி கேட்டு ஒரு சிறிய பெட்டியின் இழுப்பறையைத் தொட்டுப் பார்த்தேன். கோடு மட்டும்தான் இருந்தது, அறை இல்லை. அதே கடையின் உள்ளறையில் மரத்தில் செய்த மற்றொரு பெட்டி இருந்தது; விரல் நகம் கொண்டு இழுத்ததும் அதன் அறை சத்தமில்லாமல் வெளியே வந்தது. இனி வரும் நாட்களில் எந்தச் சாமானைப் பார்த்தாலும் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி, இது திறக்குமா என்பதுதான்.

பிப்ரவரி 27, தோக்கியோ

மித்சுகோஷிமாயே சுரங்க ரயில் நிலையத்தின் நடைபாதைச் சுவரில் ஒரு நீண்ட ஓவியச் சுருளின் பெரிதாக்கப்பட்ட பிரதி இருக்கிறது. 1805 வாக்கில் நிஹோன்பாஷி பெருந்தெரு எப்படி இருந்தது என்பதைக் கடை கடையாகக் காட்டும் ஓவியம் அது. மூலம் பெர்லினில் இருக்கிறது. அதில் ஜுக்கென்தானா என்ற பகுதியில் தெருவின் நடுவிலேயே பந்தல் போட்டு ஹினா சந்தை நடக்கிறது. அவசரமாக ரயிலுக்கு ஓடுபவர்களின் நடுவே நின்று அந்தச் சந்தையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தை, அக்காலத்தில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் அரசுக்குத் தலைவலியாக இருந்தது. வணிகர்கள் தங்கள் பெண்களுக்காக ஆளுயரத்தை நோக்கி வளரும் பொம்மைகளை வாங்கத் தொடங்கியபோது, 1721 இல் எட்டு சுன்னுக்கு, அதாவது ஏறத்தாழ 24 சென்டிமீட்டருக்கு, மேற்பட்ட ஹினா பொம்மைகளுக்குத் தடை வந்தது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைச்சர் மத்சுதைரா சதனோபு சிக்கனச் சீர்திருத்தங்களைக் கொண்டுவந்தபோது ஆடம்பரத்தின் மீதான பிடி மேலும் இறுகியது. பெரிதாகச் செய்யத்தானே தடை, மிகச் சிறிதாகச் செய்தால் யார் என்ன சொல்ல முடியும் என்று, எதோ என்று அப்போது பெயர் பெற்றிருந்த தோக்கியோ நகரத்துக் கைவினைஞர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். கசகசா அளவு என்று பொருள்படும் 'கெஷி' அடைமொழியுடன் ஒரு விரல் உயரப் பொம்மைகள் வந்தன. அவற்றுக்கு ஏற்ற சாமான்களும் வந்தன. தடை ஆடம்பரத்தை ஒழிக்கவில்லை. அதை ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்படி மடித்துக்கொடுத்தது.

அந்தச் சாமான்களில் பேர்பெற்றது உவேனோ குளக்கரையில் இருந்த ஷிச்சிசவாயா என்ற கடை. இன்று பிற்பகல் ஓர் அருங்காட்சியகத்தில் அதன் பொருள்கள் சிலவற்றைப் பார்க்க வாய்த்தது. கருப்பு மெருகின் மீது தங்கக் கொடிகள் ஓடும் அலமாரி, அதன் தட்டில் எழுதுபொருள் பெட்டி, அதற்குள் மைக்கல், தூரிகை, நீர் விடும் சிறு செம்பு. பக்கத்தில் ஒரு 'கோ' ஆட்டப் பலகை. மெய்யான பலகையில் குறுக்கும் நெடுக்கும் பத்தொன்பது கோடுகள் உண்டு. இதில் ஒரு பக்கக் கோடுகளை எண்ணத் தொடங்கி, கண்ணாடிப் பேழையில் என் முகமே குறுக்கே விழுந்துகொண்டிருந்ததால் பாதியில் விட்டுவிட்டேன். காய்களை வைக்கும் வட்டக் கிண்ணங்கள் மிளகைவிடச் சற்றே பெரியவை. அவற்றுக்கும் மூடி இருந்தது, அதுவும் கழற்றக்கூடியது. ஷிச்சிசவாயாவின் சிறு புத்தகங்களில் உள்ளே மெய்யாகவே எழுத்து உண்டு. யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் எழுதிய அந்தக் கையை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. சிறிது எரிச்சலாகவும் இருக்கிறது. கண் பார்வை எத்தனை பேருக்குப் போயிருக்கும்!

இந்த மோகம், ஷோகன்கள் எதோவிலிருந்து ஆண்ட 'எதோ காலத்தில்' பிறந்ததன்று. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கியோத்தோ அரண்மனையில் பணிபுரிந்த செய் ஷோனகோன் என்ற பெண்மணி, பார்த்தால் மனம் உருகும் பொருள்களுக்கு ஒரு பட்டியல் எழுதியபோது, அதில் பொம்மைகளின் தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்த்தார். அப்போது அவை திருநாளுக்கு அடுக்கி வைப்பவையாக இல்லை. சிறுமிகள் எடுத்து விளையாடுபவையாக இருந்தன.

பிப்ரவரி 28, ஷிஜுவோகா

பழைய பெயர் சுருகா. இந்த ஊரில் செய்யப்படும் ஹினா சாமான்களுக்கு 1994 இல் தேசிய அளவில் மரபுக் கைவினை என்ற அங்கீகாரம் கிடைத்தது. தோக்கியோவிலிருந்து வேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

முதலில் போன இடம் செங்கென் கோயில். ஹினா சாமானுக்கும் கோயிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 17 ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஷோகன் இயெமித்சு இந்தக் கோயிலைக் கட்டுவிக்க நாட்டின் பல பக்கங்களிலிருந்து தச்சர்களையும் மெருகுப் பூச்சுக்காரர்களையும் சிற்பிகளையும் வரவழைத்தார். வேலை முடிந்த பிறகு அவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. தட்பவெப்பமும் அவர்களுக்கு ஒத்துவந்தது. ஏனெனில் உருஷி என்னும் மரப்பால் மெருகு வெயிலில் காய்வதில்லை, ஈரப்பதமும் இளஞ்சூடும் இருந்தால்தான் இறுகும். இப்போது நிற்கும் கட்டடங்கள் 1804 இல் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக் கட்டியவை. செம்மெருகும் தங்கமும் பூசிய அந்த உயரமான இரண்டடுக்கு மண்டபத்தின் கீழ் நின்றபோது, அசகுசபாஷியில் நான் நகத்தால் இழுத்த இழுப்பறை இதே கைகளின் வழித்தோன்றல் என்பது புரிந்தது.

பிற்பகலில் ஒரு பட்டறைக்குள் அனுமதி கிடைத்தது. ஒரு பெட்டியை ஒருவரே முழுவதுமாகச் செய்வதில்லை. மரத்தை அறுத்துப் பொருத்துபவர் ஒருவர், கிண்ணம் போன்ற உருண்டைப் பொருள்களைக் கடைசல் பிடிப்பவர் ஒருவர், மெருகு பூசுபவர், அதன் மேல் தங்கச் சித்திரம் எழுதுபவர், பூட்டும் மூலைத்தகடும் செய்யும் உலோக வேலைக்காரர் என்று அது வீடு வீடாக நகர்ந்து உருவாகிறது. நான் பார்த்தது சித்திரம் எழுதுபவரை. மாகியே என்ற இந்த வேலையில் தங்கத்தைக் கரைத்துத் தீட்டுவதில்லை. முதலில் உருஷியாலேயே கோடு இழுக்கிறார். அது ஈரமாக இருக்கும்போதே, நுனியில் மெல்லிய துணி கட்டிய சிறு குழாயை விரலால் தட்டித் தட்டித் தங்கப்பொடியைத் தூவுகிறார். பிறகு ஈரப்பெட்டிக்குள் வைத்து இறுக விட்டு, மேலே மறுபடி பூசி, தேய்த்து, மெருகேற்றுகிறார். கோடு இழுத்த தூரிகையின் முடி கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு செவ்வந்தி இதழை முடித்துவிட்டு மூச்சு விட்டபோது நானும் விட்டேன்.

சிறிய பொருளுக்குப் பெரிய பொருளைவிட வேலை குறைவு என்று நினைப்பவர்கள் இந்த மேசையின் முன் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். கோடு மெல்லியதாகும்போது தங்கப்பொடியும் அதற்கேற்ப நுண்ணியதாக வேண்டும். பெரிய பெட்டியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி இங்கே ஒரு முழு இலையை மறைத்துவிடும். ஆனாலும் வாங்க வருபவர்கள் பொருளின் அளவைப் பார்த்தே விலை பேசுகிறார்கள் என்பது பட்டறைக்காரர்களின் குறை. நியாயமான குறைதான்.

மார்ச் 1, நகோயா

இந்தப் பயணத்தையே இன்றைய நாளுக்காகத்தான் திட்டமிட்டேன். தோக்குகவா கலை அருங்காட்சியகம் 1935 இல் திறக்கப்பட்டது. ஷோகன் குடும்பத்தின் ஓவாரி கிளையினர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்தவை இங்கே இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரித் தொடக்கத்தில் ஹினா காட்சியைத் திறக்கிறார்கள்.

நுழைந்தவுடன் கூட்டம் மொய்ப்பது மெய்ஜி, தாய்ஷோ, ஷோவா ஆகிய மூன்று பேரரசர்கள் காலத்து ஓவாரி மருமகள்களின் பொம்மைகளைச் சேர்த்து அடுக்கிய பெரும் படிக்கட்டின் முன்னால். ஏழு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். பிரமாண்டம்தான், ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் களைத்துப்போகிறது. நான் வந்தது சாச்சிகிமி என்ற பெண்ணின் சாமான்களுக்காக. கியோத்தோவின் உயர்குடியான கோனோயே குடும்பத்திலிருந்து 1836 இல் ஓவாரியின் பதினோராம் தலைவர் தோக்குகவா நரிஹாருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர். கொண்டுவந்த சீர்வரிசை முழுவதிலும் ஒடித்த செவ்வந்திக் கிளைகள் தங்கத்தில் எழுதப்பட்டிருந்தன. ஹினா சாமான்களிலும் அதே செவ்வந்திக் கிளைகள், அதே தங்கம். அதாவது பெரிய அலமாரி எப்படியோ அப்படியே சின்ன அலமாரி. பெரிய பெட்டியில் எந்த மூலையில் குடும்பச் சின்னம் உள்ளதோ அந்த மூலையில்தான் சின்னதிலும். ஒரு பெண்ணின் மொத்த வீட்டையும் சுருக்கி மற்றொரு முறை செய்திருக்கிறார்கள்.

நிதானமாகப் பார்க்கப் பார்க்க அவளுடைய நாள் எப்படிப் போயிருக்கும் என்பது இந்தச் சாமான்களிலிருந்தே விளங்குகிறது. முகம் கழுவ இருபுறமும் காது வைத்த தொட்டி, கல்யாணமான பெண் பல்லைக் கருப்பாக்கிக்கொள்வதற்கான கிண்ணங்கள், சீப்புப் பெட்டி, கண்ணாடி, நறும்புகைச் சாமான்கள், கோத்தோ, பிவா, ஷமிசென் ஆகிய இசைக்கருவிகள், கோ, ஷோகி, சுகோரோகு என மூன்று ஆட்டப் பலகைகள், போய்வரப் பல்லக்கு. காலை முதல் இரவு வரை அவள் கை படும் எல்லாம் உண்டு. அவள் கை படாதது எதுவும் இல்லை. அடுப்பு இல்லை, உலக்கை இல்லை, தண்ணீர் வாளி இல்லை. பெரிய இடத்துப் பெண்ணின் வீட்டில் சமையல் என்பது வேறு யாரோ எங்கோ செய்வது.

நெடுநேரம் நின்றது காய்ஒக்கே என்னும் சிப்பி வாளிகளின் முன்னால். எண்கோண வடிவில் இரண்டு, பட்டு நூலால் கட்டியவை. மெய்யான வாளிகளில் 360 சிப்பிகளின் இரு பாதிகளும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் உட்புறமும் சித்திரம் எழுதப்பட்டிருக்கும். ஒரு சிப்பியின் மேல்பாதி அதனுடைய கீழ்பாதியோடு மட்டுமே பொருந்தும், வேறெதனோடும் பொருந்தாது என்பதால் இது தாம்பத்திய விசுவாசத்தின் அடையாளம். மணப்பெண் ஊர்வலத்தில் முதலில் போவதும், மாப்பிள்ளை வீட்டாரிடம் முறைப்படி முதலில் ஒப்படைக்கப்படுவதும் இந்த வாளிகள்தான். இங்கே பேழையில் இருந்த ஜோடி ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கிவிடும். நரிஹாரு 1839 இல் காலமானார். மூன்று ஆண்டுத் தாம்பத்தியத்துக்காக வந்த இத்தனையும் அவர்களிருவருக்கும் பின்னால் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகப் பளபளப்புக் குறையாமல் இருக்கின்றன.

இதே அருங்காட்சியகத்தில்தான் 'ஹத்சுனே' சீர்வரிசையும் உள்ளது. 1639 இல் இயெமித்சுவின் மகள் சியோஹிமே, இன்னும் மழலை மாறாத வயதில், ஓவாரி குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது கொண்டுவந்தது. கோஆமி நகஷிகே என்ற மாகியே கலைஞர் செய்தது. இன்று தேசியப் பொக்கிஷம். பார்த்துக்கொண்டே இருந்தால் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் 'பொழுதடையும் சாமான்கள்' என்று அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதில் சிலவற்றைத்தான் ஒரு நேரத்தில் வெளியே வைக்கிறார்கள். மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு முழு அளவுப் பெட்டிகள். சாச்சிகிமிக்கோ வளர்ந்த பிறகு பொம்மை அளவுப் பெட்டிகள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததில், சாமான்களின் அளவை யார் வயதும் தீர்மானிக்கவில்லை, இரு குடும்பங்களின் கௌரவமே தீர்மானித்தது என்று எனக்குத் தோன்றியது.

மார்ச் 2, கியோத்தோ

பயண நாள், மழை. தெருவோரக் கடை ஒன்றின் சன்னலில் மட்டும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தோக்கியோவில் அரசர் பொம்மை நமக்கு இடப்புறம் இருந்தார். இங்கே வலப்புறம் இருக்கிறார். பழைய அரண்மனை முறைப்படி, அமர்ந்திருப்பவர்களின் இடப்பக்கமே உயர்ந்தது; அது நமக்கு வலப்புறம். கியோத்தோ அதைக் கைவிடவில்லை. நவீன காலத்தில் அரச தம்பதியர் மேலைநாட்டு வழக்கப்படி நிற்கத் தொடங்கியதும் தோக்கியோ கடைகள் மாறிக்கொண்டன.

மார்ச் 3, கியோத்தோ

இன்று திருநாள். கியோத்தோ தேசிய அருங்காட்சியகத்தில் நான் தேடி வந்தது கிடைத்தது: அடுப்படி.

எதோ காலத்தின் பிற்பகுதியில் கிதகாவா மொரிசாதா என்பவர் ஊர் வழக்கங்களை ஒப்பிட்டு எழுதி வைத்தார். எதோவில் ஹினாவுக்கு மாகியே எழுதிய பெட்டிகளையும் அலமாரிகளையும் வைக்கிறார்கள் என்றும், கியோத்தோ, ஒசாகா பக்கத்தில் அரண்மனை போன்ற கூடத்துக்குள் பொம்மைகளை அமர்த்தி, அடுப்பு, பானை, வாளி போன்ற சமையலறைப் பொருள்களை வைக்கிறார்கள் என்றும், பெண் குழந்தைக்கு வீட்டு நிர்வாகத்தைச் சிறு வயதிலேயே பழக்கும் நோக்கம் அதில் உண்டு என்றும் அவர் குறித்திருக்கிறார். நகோயாவில் ஓர் அடுப்புக்கூட இல்லாத சீர்வரிசையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது.

மொரிசாதா சொன்னது அப்படியே பேழைக்குள் இருந்தது. வரிசையாக வாய்கள் கொண்ட அடுப்பு; மேலே மரமூடி போட்ட சோற்றுப் பானைகள்; தண்ணீர் வாளி; உட்புறம் வரி வரியாகக் கீறல் போட்ட அரைக்கும் சட்டி, அதற்கு ஒரு குழவி; வெட்டுப் பலகை, கத்தி; அளக்கும் மரப்படி; சுவரில் மாட்டிய கரண்டிகள். தங்கம் எங்கும் இல்லை. நல்ல சொப்புச் சாமான்கள், அவ்வளவுதான் என்று சிலர் கடந்து போனார்கள். எனக்கு மாகியே அலமாரிகளைவிட இவைதான் பிடித்தன. அலமாரியைச் செய்தவர் ஒரு பெட்டியைப் பார்த்துப் பெட்டி செய்தார். இந்த அடுப்படியைச் செய்தவரோ ஒரு சமையற்காரி எட்டி எடுக்கும் கரண்டி எங்கே மாட்டியிருக்க வேண்டும் என்பதை யோசித்திருக்கிறார். மரப்படியின் விளிம்பில் ஒரு தேய்மானம்கூட இருந்தது. யாரோ ஒரு வணிகர் வீட்டுச் சிறுமி அதை எடுத்து அரிசி அளந்திருக்க வேண்டும்.

பக்கத்தில் இருந்த அரண்மனைக் கூடத்தின் கூரை, கியோத்தோ அரண்மனையின் ஷிஷிந்தென் மண்டபத்தைப் பார்த்துச் செய்தது. அதனால் மாலையில் அரண்மனைக்கே போனேன். 2016 முதல் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுகிறார்கள். படிகளின் மேல் பூச்செடிகளாக நிற்கும் செர்ரியும் தச்சிபானா என்ற சிறு ஆரஞ்சும் இங்கே மண்டபத்தின் முன் மெய்யான மரங்களாக நிற்கின்றன: தெற்கு நோக்கி அமரும் அரசரின் இடப்புறம் செர்ரி, வலப்புறம் தச்சிபானா. கடைகளில் சிலர் இவற்றை மாற்றி வைத்துவிடுகிறார்கள். இங்கே வந்து ஒருமுறை பார்த்தவருக்கு அந்தக் குழப்பம் வராது. செர்ரி இன்னும் மொட்டே விடவில்லை.

இரவு உணவில் திருநாளுக்கு உரிய சிப்பி ரசம் வந்தது. கிண்ணத்தில் இரு பாதிகளும் பிரியாமல் திறந்திருந்தன. நகோயாவின் வாளிகளைப் பார்த்திராவிட்டால் இதை வெறும் பருவகால உணவு என்றே எண்ணிக் குடித்திருப்பேன்.

மார்ச் 4, கியோத்தோ

தங்கியிருக்கும் விடுதியின் கூடத்தில் காலையிலேயே ஹினாவை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். பொம்மைகளை எடுத்து வைக்கத் தாமதித்தால் வீட்டுப் பெண்ணின் கல்யாணமும் தாமதிக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. விடுதி அம்மையார் தம் மகளுக்கு நாற்பது வயது என்றும், பழக்கத்தால்தான் செய்வதாகவும் சொல்லிச் சிரித்தார். பொம்மைகளை இறகுத் துடைப்பத்தால் தட்டி, முகத்தை மெல்லிய தாளால் மூடிப் பெட்டியில் வைத்தார். சாமான்களுக்கு வேறு முறை. மெருகின் மேல் விரல் ரேகை படாதபடி கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வோர் இழுப்பறையையும் முழுவதும் உள்ளே தள்ளி, அது தானாகத் திறந்துகொள்ளாதபடி தாளால் ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லா அறைகளும் திறந்து மூடக்கூடியவை என்பதால் இந்த வேலைக்கே முற்பகல் முழுவதும் போயிற்று.

இந்த ஆண்டே போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1873 இல் ஜப்பான் புதிய நாட்காட்டிக்கு மாறுவதற்கு முன், இந்தத் திருநாள் சந்திர மாதக் கணக்கில், பீச் பூக்கும் நாட்களில் வந்தது. அதனால் ஏப்ரல் 3 ஆம் தேதியே கொண்டாடும் ஊர்கள் இன்றும் உண்டு. நகோயா காட்சியும் வழக்கமாக ஏப்ரல் தொடக்கம் வரை நீடிக்கிறது. மார்ச் இறுதியில் போகிறவர்களுக்குச் சாச்சிகிமியின் பேழைக்கு முன்னால் என்னைவிட அதிக இடம் கிடைக்கும். சிறியதொரு உருப்பெருக்கிக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.